பத்து செகண்டு சும்மா இரும்மா

மலர் வீட்டில் எத்தனை மணிக்கு மிக்சி ஓடும், பக்கத்து வீட்டுக்காரி எப்போது மோட்டார் போடுவாள், மலருடைய நைனா மாத்திரை போட்டுக்கொண்டாரா இல்லையா என்பதெல்லாம் ரெஜிக்கு அத்துப்படி. ஆனால் மலரை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ரெஜி தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தான். வயது நாற்பத்து மூன்று, தனிக்கட்டை. வீடியோவுக்காகப் பேசி அனுப்பும் குரல்களிலிருந்து இரைச்சலை எடுத்துச் சுத்தம் செய்வது பிழைப்பு. வேலை கொடுப்பவன் வீடியோ எடுக்கும் டென்னிஸ். பேசுகிறவள் காத்திவாக்கத்து மலர். நைனாவைத் தனியாக விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போக முடியாது என்று வீட்டில் உட்கார்ந்தே செல்போனில் பேசி அனுப்புவாள். "அமைதி தவழும் இல்லங்கள்" என்று மனை விளம்பரத்துக்கு அவள் குழைந்து சொல்லும்போது பின்னால் கண்டெய்னர் லாரி ஒன்று காதைக் கிழிக்கும். விளம்பரத்துக்கு வேண்டிய அமைதியை உண்டாக்கித் தருவது ரெஜியின் பாடு.

முதல் வாரமே போனில் சொல்லி வைத்தான்: "பேசறதுக்கு முன்னாடி பத்து செகண்டு சும்மா இரும்மா. அதுல வர்ற இரைச்சலைத்தான் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இதை எடுத்துடுன்னு சொல்லணும்."

அவள் சும்மா இருப்பாள், வீடு இருக்குமா? ஃபேன் கடகடக்கும், காக்கை கத்தும், நைனா இருமுவார். "நைனா, கொஞ்சம் அடக்கிக்கினு இரு, பேசப் போறேன்" என்பாள். "நானா இருமறேன்? அது பாட்டுக்கு வருது" என்பார் அவர். ரெஜி தனியாகச் சிரிப்பான். வேலைக்கு அந்தப் பத்து விநாடியை ஒரு முறை கேட்டால் போதும். அவன் நாலைந்து முறை கேட்பான். நாள் முழுக்க அவன் அறையில் வேறு யாரும் பேசுவதில்லை. ஒட்டுக்கேட்கிறோம் என்று தோன்றாமலும் இல்லை. வெட்கங்கெட்ட ஆசைதான், விட முடியவில்லை.

போன மாதம் இருமல் நின்றது. மருந்து கேட்டிருக்கும் என்று அவனும் சந்தோஷப்பட்டான். அடுத்த பதிவிலும் இருமல் இல்லை. அதற்கடுத்ததில் அவள் பத்து விநாடியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பதினோராவது விநாடியில், "உங்கள் இல்லத் திருமணங்களுக்கு..." என்று சிரித்த குரலில் தொடங்கினாள். ரெஜி உறிஞ்சலை வெட்டிவிட்டு டென்னிசுக்கு அனுப்பினான். 

விசாரித்தால் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துபோகும். தெரிந்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள், அவன் ஒண்டியிருந்த ஒரே வீடும் போய்விடும். விசாரிக்காவிட்டால், அவள் அழுதது தெரிந்தும் ஒரு மனுஷன் கேட்கவில்லை என்றாகும். இரண்டு நாள் பொறுத்து, "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? இருமல் சத்தமே கேக்கலையே" என்று எழுதி அனுப்பினான்.

சாயங்காலம் பதில் குரலாகவே வந்தது. "நைனா போயி பத்தொம்பது நாளாச்சுண்ணா. டென்னிசண்ணன் கைல கூட சொல்லல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேற இன்னால்லாம் கேட்டுகினு இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ரெஜி உண்மையை எழுதினான், அழித்தான், மறுபடியும் எழுதினான். கடைசியில் "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று பொய் சொன்னான். அவள் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டியது. 

அடுத்த வாரம் டென்னிஸ் கூப்பிட்டான். "மாமு, மலரு இனிமே ஸ்டுடியோலயே போயி பேசிக்கிதாம். ஆடியோ சும்மா கண்ணாடி கணக்கா கீது. உனக்கு இன்னா, வேலை மிச்சம்."

"ஆமா, நல்லதாப் போச்சு" என்றான் ரெஜி.

நைனா இல்லை, இனி வீட்டிலேயே அடைந்துகிடக்க வேண்டியதில்லை, அதனால்தான் போகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். தேறவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, கூட யாராவது இருக்கிறார்களா என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது.