காசிராஜனின் புஞ்சை

வறட்சி நிவாரணம் தரப்போகிறார்கள் என்ற செய்தி சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து கிளம்பி வெம்பக்கோட்டை வந்து சேருமுன், சிவகாசியிலிருந்து காசிராஜன் வந்து சேர்ந்துவிட்டார். பட்டாசு ஏஜென்சி வைத்த பிறகு ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். "நம்ம மக்காச்சோளம் இப்பிடிக் கருகிப் போச்சே!" என்று டீக்கடையில் அவர் அங்கலாய்த்தபோது செல்வலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன?

நிலம் அவருடையது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பிடித்து உழுது, விதைத்து, களையெடுத்தவள் அவள். மழை ஏமாற்றிக் கருகியதும் அவள் வாங்கிப் போட்ட விதைதான். நிவாரணம் கைக்கு வந்தால் புரட்டாசி மழைக்கு மறுபடி விதைக்கலாம். வராவிட்டால் பழையபடி விஸ்வநத்தத்துக் கம்பெனியில் வெடிக்குழாய் சுற்றப் போகவேண்டும். அந்த மருந்து வாடைக்குத் திரும்புவதை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது.

"பேசாம இரு புள்ள. அடுத்த வருசம் நெலம் தரமாட்டேன்னுட்டா என்ன செய்வ?" என்றான் புருஷன் புகழேந்தி.

"தராம? ஊரே கம்பெனி வேலைக்குப் போயிருச்சு. அவரு ஆளுக்கு எங்கன போவாராம்?"

கணக்கெடுப்பின் கடைசி நாளில், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பயிர் வைத்தவர்களுக்குத்தான் பணம் என்றார். காசிராஜன் முந்திக்கொண்டு பட்டாவை நீட்டினார்.

"வெதச்சது நான் சார்" என்றாள் செல்வலட்சுமி.

"கூலிக்கு வந்த பொம்பள சார் இது" என்று காசிராஜன் கூசாமல் சொன்னார்.

அடப்பாவி! வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு அவள் சிரித்தாள். "அப்ப நீங்களே சாரைக் கூட்டிட்டுப் போய்ச் சோளத்தக் காட்டுங்க அண்ணாச்சி."

காசிராஜன் வேட்டியை மடித்துக்கட்டி முன்னே நடந்தார். அவர் அடையாளம் வைத்திருந்த பனையை வெட்டிப் பல வருஷம் ஆயிற்று. வண்டிப்பாதையை முள் மூடிவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து, ஆள் உயரக் கருவேலங்காட்டின் முன்னால் நின்று, "இதான் சார்" என்றார்.

"இதுல என்னய்யா வெதச்சீங்க? இல்லாத பயிருக்குப் பணம் கேட்டா கேஸாகும், தெரியும்ல?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

தரிசு என்று எழுதிவிட்டால் அவளுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் செல்வலட்சுமி காசிராஜனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காசிராஜன் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். "ஏ தாயி, நம்ம பிஞ்சை எங்கன?"

"கூலிக்கு வந்தவளுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "வெதச்சவுகளக் கேளுங்க."

காசிராஜனுக்கு வேர்த்து ஊற்றியது. பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவதான் சார் வெதச்சா" என்று முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"செல்வலட்சுமிதான் சார் வெதச்சது!"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே நடந்தாள். அதிகாரி பின்னால் வந்தார், முள் குத்திய காலை நொண்டியபடி காசிராஜன் கடைசியில் வந்தார். ஓடையைத் தாண்டியதும் கருகிய தட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. அதிகாரி பார்த்துவிட்டு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் செல்வலட்சுமி. "இதான் உங்க பிஞ்சை. வார வருசமும் நாந்தான் வெதைப்பேன்."