கீர்த்தனா, ஆறு விக்கெட்

தலையணை உறைக்குள் இலவம்பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தபோது அபிநயா கடை வாசலில் வந்து நின்றாள். புருவம், மூக்கு எல்லாம் பஞ்சு ஒட்டி நான் கிழவி மாதிரி இருந்திருப்பேன். பழைய அபிநயா என்றால் அதை வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருப்பாள். ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறோம், எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"ஷாஹீன், ஸ்கோர் புக் உங்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், அப்பாவின் பழைய இரும்புப் பெட்டியில் இருந்தது. ஆனால் அவள் கேட்டதும் நான் எழுந்து எடுக்கவில்லை, பஞ்சைத் திணித்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவள் ஆசிரமப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறாள். வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது. அங்கே கிடந்த ஒரு பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. மூன்று வருடம் மாவட்ட அணிக்கு ஆடியதற்குச் சான்றிதழ் வேண்டும்.

"முப்பது வயசு வரைக்கும்தான் எடுக்கறாங்க. எனக்கு அடுத்த மாசம் முப்பது முடியுது. வர வெள்ளிக்கிழமை கடைசி தேதி. இத விட்டா அவ்ளோதான்" என்றாள். சொல்லிவிட்டு வலது தோளை இடது கையால் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். பந்து கைக்கு வந்ததும் அவள் செய்கிற வேலை அது. பதினோரு வருடமாகக் கையில் பந்து இல்லை, தோளுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

எங்கள் மாவட்டப் பெண்கள் அணியைப் பற்றி யாரும் பெரிதாக எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? பி.டி. வாத்தியார் அருள்ராஜ் சார் பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார். நான்காவது வருடம் அவர் மாரடைப்பில் போனார், அவரோடு அணியும் போனது. நடுவில் ஒரு மைதானம், ஒரு கயிற்றுப்பாய் பிட்ச். அந்த மைதானமும் எங்களுடையது இல்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக அது தற்காலிகப் பேருந்து நிலையமாகிவிடும். கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்து நாள் அந்தப் பக்கமே போக முடியாது. கூட்டம் கலைந்த பிறகு குனிந்து குனிந்து கண்ணாடிச் சில்லு, ஆணி, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் பாயை விரிப்போம். "மத்த ஊர்ல ஃபீல்டிங் சொல்லிக் குடுப்பாங்க, இங்க குப்ப பொறுக்கினாலே ஃபீல்டிங் வந்துரும்" என்பார் சார்.

எனக்கு ஆட வராது. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். அம்பயர் பவுண்டரி காட்டினாலோ வைடு காட்டினாலோ, பார்த்துவிட்டேன் என்று ஸ்கோர் எழுதுகிறவர் பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த பந்து போட விடமாட்டார்கள். மைதானத்தில் பதினைந்து பேர் நான் கை தூக்குவதற்காக நிற்பார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான், பொய் சொல்வானேன்.

பெயர் விவகாரம் முதல் வருடமே வந்தது. மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் பதிவு செய்ய அப்பா கையெழுத்து கேட்டார்கள். அபிநயாவின் அப்பா முருகையன் கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை பயிர் போடுகிறவர். "பொட்டப் புள்ள பேன்ட்டு போட்டுனு ஊர் ஊரா ஓடுறதா? கால ஒடச்சிருவேன்" என்றுவிட்டார். அதே நேரம், பதிவு செய்திருந்த கீர்த்தனா என்கிற பெண் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய விண்ணப்பம், அப்பா கையெழுத்து எல்லாம் சங்கத்தில் பத்திரமாக இருந்தது. அடையாள அட்டையில் மங்கலான செராக்ஸ் போட்டோ. எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்ட எந்தப் பெண்ணும் அதில் கீர்த்தனாதான். "பேப்பர்ல அவ இருக்கட்டும், பாய் மேல நீ இரு. அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார் சார். அந்த அப்புறம் வரவே இல்லை. மூன்று வருடமும் அபிநயா எடுத்த விக்கெட்டுகளைக் கீர்த்தனா என்று எழுதியது இந்தக் கைதான்.

வேலூரோடு ஆடிய ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். நான்கு ஓவர், பதினோரு ரன், ஆறு விக்கெட். மறுநாள் பேப்பரில் வந்தது. டீக்கடையில் யாரோ வாசித்ததைக் கேட்டுவிட்டு முருகையன் வீட்டுக்கு வந்து மகளிடம், "நம்ம மாவட்டத்துல கீர்த்தனான்னு ஒரு பொண்ணு ஆறு விக்கெட்டு எடுத்திருக்காம். பெத்தா அப்படிப் பெக்கணும். நீயும் கீறியே" என்றாராம். அபிநயா இதை எங்களிடம் நடித்துக் காட்டியபோது பாயில் உருண்டு உருண்டு சிரித்தோம். 

பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து கட்டங்களைத் தடவிக்கொண்டே, "நீ வந்து சொல்லு ஷாஹீன். இது எழுதுனவ நீதானே. நீ சொன்னா நம்புவாங்க" என்றாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் கீர்த்தனா காரில் வந்து இதே கடை முன் இறங்கினாள். அரைக் கிலோ மைசூர்பாகு, புதுத் தாலிச் சரடு, நல்ல சிரிப்பு. "பழைய ஞாபகத்துக்கு ஸ்கோர் புக்க ஒரு செராக்ஸ் எடுத்துக்கட்டுமா அக்கா?" எடுத்துக்கொண்டு வந்து, "ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா அழகா இருக்கும்" என்றாள். போட்டேன். ஞாபகத்துக்கு எதற்குக் கையெழுத்து என்று அன்றைக்கே நெஞ்சில் ஒன்று இடறியது. ஆனால் பதினான்கு பேரில் என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவள். மைசூர்பாகும் நன்றாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் பர்தாவை மாட்டிக்கொண்டு அபிநயாவோடு கிளம்பினேன்.

செயலாளர் சுரேஷ்குமார் தன்னுடைய டைல்ஸ் கடையின் பின்னறையில்தான் சங்கத்தையும் வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு டீ சொன்னார், அபிநயா சொன்னதை முழுக்கக் கேட்டார், ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த விக்கெட்டுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்தாச்சேம்மா. கீர்த்தனான்னு பேரு, அப்ளிகேஷன், ஸ்கோர் காப்பி எல்லாம் சரியா இருந்துச்சு. அந்தப் பொண்ணு வேலைல சேந்து மூணு வருஷம் ஆவுது."

"அது நான் சார். ஆடுனது நான்."

"இருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ ஆள் மாறி ஆடுனேன்னு எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணுக்கு வேலை போவும், செத்துப்போன மனுஷன் பேரு நாறும். உனக்கு ஒண்ணும் கிடைக்காது. ஜாஸ்தி போனா உம்மேலதான் கேஸ் வரும்."

அபிநயா டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, "ஒரு பந்து குடுங்க சார். ஒரே ஒரு ஓவர் போடறேன், நீங்க வந்து பாருங்க" என்றாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "பாத்து என்னம்மா பண்றது? நான் காயிதத்தத்தானே அனுப்பணும்."

அவர் ஃபைலை மூடுவதற்கு முன் அவள் கை நீட்டி அதைத் தன் பக்கம் திருப்பினாள். வேலூர் ஆட்டம். பக்கத்தின் அடியில் நீல மையில் என் பெயர், நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. உருது எழுத்தில் போடுவேன், மாவட்டத்திலேயே அப்படிக் கையெழுத்து போடுகிற ஸ்கோரர் நான் ஒருத்திதான் என்று பெருமையடித்துக்கொண்டவள் நான்.

"இது உன் கையெழுத்துதானே?"

"அபி, எனக்குத் தெரியாதுடி. ஞாபகத்துக்குன்னு சொல்லி..."

"ம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால், பாவி என்று நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்று பௌர்ணமி. கீழ்பென்னாத்தூர் பஸ் தற்காலிக நிலையத்திலிருந்துதான் என்றார்கள். அதாவது எங்கள் மைதானத்திலிருந்து. வெயில் சாயும் நேரம், மலை வெறிச்சென்று தெரிந்தது. தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வேப்ப மரத்தைத் தாண்டியதும் அவள் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். திரும்பிப் பதினான்கு காலடி எண்ணிக்கொண்டு போனாள். பொரிக்காரர் ஒருவர் ஏதோ பொருளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். புடவையில் அந்த ஓட்டம் வராது என்று நினைத்தேன், வந்தது. கோட்டில் துள்ளி, வெறுங்கை தலைக்கு மேலே உயர்ந்து இறங்கியது.

எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ் சட்டென்று பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி விசில் அடித்தார். "கீழ்பென்னாத்தூரா? கை காட்டுற எடமாம்மா இது? ஏறு, ஏறு, சீக்கிரம்!"

அவள் செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் வர்றீங்களாம்மா?" என்றார். எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், என் வலது கை மேலே தூக்கியபடி இருந்தது.

அபிநயா ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் கையை இறக்கவில்லை. பஸ் அவள் கிழித்த கோட்டை மிதித்துக்கொண்டு போனது.