எடுத்த நடவடிக்கை

டிராயரை முழுக்க வெளியே இழுத்துக் கட்டிலில் கவிழ்த்தும் அந்த லேப் சீட்டு கிடைக்கவில்லை. கரண்ட் அட்டை விழுந்தது, கண்ணாடிக் கடை ரசீது விழுந்தது, காலியான மாத்திரை அட்டைகள் ரப்பர் போட்டுக் கட்டினபடியே விழுந்தன. பிரவீனா தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

"கெடச்சுதா, இல்லியா?" அண்ணன் இளம்பரிதி ஜன்னல் வழியாகக் கேட்டான். "மூணு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள போய்ட்டு வந்துடணும்."

"தேடிக்கினுதான் இருக்கேன். ரெண்டு நிமிஷம் இரு."

"அந்த நம்பர் இல்லாம போனா, டெஸ்டே எடுக்கலன்னு சாதிச்சுடுவானுங்க."

விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்த அப்பா ராமனை ஸ்ரீபெரும்புதூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, இப்போது காலெல்லாம் வீக்கம், பார்க்காமலா இருந்தீர்கள் என்றார். திங்கட்கிழமை சுங்குவார்சத்திரத்து லேபில் ரத்தம் கொடுத்தது, இன்னும் ரிப்போர்ட் வரவில்லை என்று இளம்பரிதி சொன்னான். சிறுநீரகம் கெட்டு, பொட்டாசியம் ஏறித்தான் இதயம் நின்றிருக்கிறது, நேற்று வந்திருந்தால்கூட இறக்கியிருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இளம்பரிதி அழவே இல்லை. வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இழுத்தான், பந்தல்காரரிடம் பேசினான், அப்புறம் கூட்டாளிகளுக்குப் போன் போட்டான். ரத்தம் எடுத்த பெண்ணை இங்கேயே கூட்டிவந்து, அப்பா காலடியில் நிற்கவைத்து, ஏன் ஒரு போன் பண்ணவில்லை என்று ஊர் முன்னால் கேட்கப் போகிறான். அம்மாவின் தம்பி டில்லிபாபு மாமாவும் கிளம்பிவிட்டார். மூன்று பைக் வாசலில் நின்றன.

பந்தலில் ரகுபதி பேசிக்கொண்டிருந்தார். அப்பாவோடு தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர்.

"பொங்கலுக்கு கம்ப்யூட்டர்ல ஒரு வாழ்த்து அனுப்பினேன். ஒடனே போன் பண்றான். 'அனுப்புனது நீதான்னு நான் எப்பிடி நம்புறது'ன்றான். டேய், ரகுபதிடான்னேன். 'அப்போ மூணாம் நம்பர் மெஷின்ல யார் வெரல் போச்சு, சொல்லு'ன்றான். என் வெரல்தான்டா போச்சு, பாவின்னேன். அப்புறந்தான் தொறந்து பாத்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பிரவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை அப்படி ஆக்கியது அவள்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் தண்டலத்தில் டிப்ளமோ படிக்கும்போது வாங்கியது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி வேலைக்குச் சேர்ந்த பிறகு சும்மா கிடந்தது. ரிட்டயர் ஆன அப்பா அதை எடுத்துக்கொண்டார். பாட்டுக் கேட்டார், செய்தி படித்தார். போன தீபாவளிக்கு அவள் ஒருநாள் எதற்கோ அதைத் திறந்தால் திரை முழுக்கச் சந்தைக்கடை. கார் பரிசு ஒரு பக்கம், முழங்கால் எண்ணெய் ஒரு பக்கம், உங்கள் கம்ப்யூட்டரில் நாற்பத்தேழு வைரஸ் என்று ஒன்று கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. ஒன்றை மூடினால் மூன்று திறந்தது. வைரஸை ஒழிக்கிறேன் என்று வந்ததையெல்லாம் அப்பா நம்பி உள்ளே ஏற்றி வைத்திருந்தார். அந்த மாதம்தான் அவள் கம்பெனியில் யாரோ ஒருவர் எதையோ தொட்டு, ஆபீஸ் மொத்தமும் இரண்டு நாள் முடங்கிப்போய், எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்திருந்தார்கள். அந்தச் சூடு அவளிடம் அப்படியே இருந்தது. விருந்துக்கு வந்திருந்த மாமா குடும்பத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

"யார் இன்னா குடுத்தாலும் வாங்கிப்பியாப்பா? யாரோ ஒருத்தன் உள்ள வந்து குந்திக்கினு, நீ தட்டுற ஒவ்வொன்னையும் பாத்துக்கினு கீறான், தெரியுமா? இத்தினி வருஷம் வேல பாத்து இன்னா பிரயோஜனம்?"

"அக்காவுக்குத் தெரியாம இன்னாத்த மாமா பாத்த?" என்று டில்லிபாபு வேறு கேலி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் தட்டில் இருந்த அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். ஒட்டிக்கொண்டிருந்ததை நீக்கினாள், தானாகத் திறக்கும் விளம்பரங்களைத் தடுக்கிற ஒன்றைப் போட்டாள். அதையும் தாண்டி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "தானா தொறந்தா கைய வெக்காத. மூலையில பெருக்கல் குறி இருக்கும், அத்த அமுக்கி மூடு. உன் பேரே போட்டிருந்தாலும் மூடு. அவசரம்னு சொன்னான்னா கண்டிப்பா மூடு. போன்ல யாராச்சும் பேசினாலும் அதேதான்." பிரஸ் ஷாப்பில் இருந்து பத்து விரலோடு ரிட்டயர் ஆன மனுஷர் அவர். கையை வைக்காதே என்றால் அவருக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

சீட்டு கடைசியில் மேசை மேலேயே இருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட நீள நோட்டுக்குள் செருகியிருந்தார். பிரவீனா அதை உருவிக்கொண்டு கிளம்பினவள், ரிப்போர்ட் வரவில்லை என்பதைத் திரையோடு ஒரு போட்டோவும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நின்றாள். கம்ப்யூட்டரைப் போட்டு, லேபின் பக்கத்தைத் திறந்து, சீட்டில் இருந்த எண்ணைத் தட்டினாள்.

சிவப்பாக ஒரு கட்டம் எழும்பி வந்தது. 'திரு. ராமன், உடனடிக் கவனத்திற்கு. உங்கள் ரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவில் உள்ளது. தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லவும். முழு அறிக்கைக்கு இங்கே தொடவும்.' மேலே செவ்வாய்க்கிழமை காலை என்று நேரம் போட்டிருந்தது.

அவள் கையே ஒரு கணம் மூலையில் இருந்த பெருக்கல் குறிக்குத்தான் போனது.

பிறகு அந்த நோட்டைத் திறந்தாள். ஷிப்ட் ரிஜிஸ்டர் மாதிரி ஸ்கேலால் கோடு போட்டு மூன்று பத்தி. நேரம். என்ன வந்தது. எடுத்த நடவடிக்கை. தீபாவளி முடிந்த மூன்றாம் நாளில் இருந்து தொடங்கியது. 'காலை 9.10. கார் விழுந்ததாக. மூடினேன்.' 'மாலை 4.00. நாற்பத்தேழு வைரஸ், பழைய ஆள். மூடினேன்.' நாளாக ஆக வருவது குறைந்துகொண்டே போனது. ஒன்றும் வராத நாளில் 'நிம்மதி' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளின் அடியிலும் கையெழுத்து. அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'செவ்வாய். பகல் 12.15. லேப் பேரில் சிவப்புக் கட்டம். என் பேர் போட்டு, அவசரம் என்று. மூடினேன்.

12.20. மறுபடி அதே. மூடினேன். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

12.30. பிரவீனாவைக் கேட்கப் போனேன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறாள். எழுப்பவில்லை.

புதன். காலை 10.40. போனிலும் வந்துவிட்டார்கள். லேப் என்று ஒரு பெண் குரல். ஓடிபி தரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பகல் 3.00. அதே குரல். வைத்தேன்.'

அதன் கீழே கையெழுத்து.

மேசை மூலையில் அப்பாவின் பட்டன் போன் அடித்தது. இன்னும் துக்கம் தெரியாத சொந்தக்காரர் யாராவது இருக்கும் என்று பிரவீனா எடுத்தாள்.

"ஐயா, லேப்ல இருந்து பூமாரி பேசுதேன். இந்த வாட்டியாவது வச்சிராதீங்க ஐயா. ஓடிபி ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"நான் அவரு பொண்ணு பேசறேன்."

"நல்லதாப் போச்சுக்கா. ஐயாவ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டு செவ்வாக்கிழமையே போட்டாச்சு. நேத்து ரெண்டு வாட்டி கூப்பிட்டேன், ஏசிட்டு வச்சிட்டாவ. சீட்டுல வேற நம்பரும் இல்ல. இன்னைக்கு மத்தியானம் ஆளு மாறவும் வீட்டைத் தேடி வரலாம்னு இருந்தேன். ஐயா பக்கத்துல இருக்காவளா?"

வாசலில் பறை மறுபடி தொடங்கியது. சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா?" என்றாள் பூமாரி. அப்புறம், "எப்போக்கா?" என்றாள்.

"காலையில."

"நான் நேத்தே வந்திருக்கணும்."

"நீ பண்ணவேண்டியத பண்ணிட்டம்மா," என்று சொல்லி முடிப்பதற்குள் பைக்குகள் உறுமுவது கேட்டது. பிரவீனா நோட்டை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். பந்தலைத் தாண்டிப் போய், முதல் வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே நின்றாள்.

"சீட்டு கெடச்சுதாம்மா?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த டில்லிபாபு.

"அண்ணா, எறங்கு. ஒன்னு சொல்லணும்."

"வந்து பேசிக்கலாம், வழி வுடு," என்றான் இளம்பரிதி.

"நீ வந்தப்புறம் சொல்லி ஒன்னும் ஆவப்போறதில்ல. இத்த படி."

பெட்ரோல் டேங்கின் மேல் நோட்டை விரித்து வைத்தாள். அவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். கடைசி வரைக்கும் போய்விட்டு மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வந்தான். பின்னால் பைக்கில் இருந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"அந்தப் பொண்ணு இப்பக்கூட போன் பண்ணுச்சு," என்றாள் பிரவீனா. "அது மேல தப்பு இல்லண்ணா. நான்தான் அவுர..."

அவன் சாவியைத் திருகி வண்டியை அணைத்தான்.

"போவ வேணாம் மாமா."

"இன்னாடா, வெளாட்றியா? பசங்கள்லாம் லீவு போட்டுக்கினு வந்து நிக்கிறானுங்க."

"ரிப்போர்ட் வந்துச்சு மாமா. அப்பா பாக்கல. அவ்ளோதான்."

"பாக்கலன்னா? எந்நேரமும் அதும் முன்னாலதான குந்திக்கினு இருப்பாரு."

இளம்பரிதி நோட்டை மூடி, தங்கை முகத்தைப் பார்க்காமலே அவள் கையில் கொடுத்தான்.

"அம்மா கேக்கும். நான் எதுனா சொல்லி சமாளிச்சுக்கறேன். நீ வாயத் தொறக்காத."

"இல்லண்ணா. நான் சொல்றேன்."

அவன் பந்தலுக்குப் பக்கத்தில் இருந்த தெருக் குழாய்க்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு முகம் கழுவ ஆரம்பித்தான். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தான். ரகுபதி எழுந்து போய்க் கொஞ்சம் தள்ளி நின்றார். கிட்டே போகவில்லை.

கூடத்தில் பெண்கள் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள். அம்மா சந்திரம்மாள் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது.

"அந்த லேப்பு பொண்ண இட்டாந்தானா? ஏன் சொல்லலியாம்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஆட்டோ வெச்சாச்சும் இட்டுக்கினு போயிருப்பனே."

பிரவீனா எதிர்ப்பக்கம் உட்காரப் போனவள், திரும்பி வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பறை அடங்கவில்லை. வாயை அம்மாவின் காதுக்குக் கொண்டுபோய்த் தீபாவளியில் இருந்து சொன்னாள். அதிரசத் தட்டைச் சொன்னாள். சிவப்புக் கட்டத்தைச் சொன்னாள். தான் தூங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லும்போது மட்டும் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து அந்த வரியைச் சொன்னாள். சந்திரம்மாள் திரும்பிப் பார்க்காமல், புருஷன் இருக்கும் திசையிலேயே கண்ணை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் யாரோ வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொருவர் வந்து போனார்.

"செவ்வாக்கெழம சோறு போட்டப்போ சொன்னாரு," என்றாள் சந்திரம்மாள் கடைசியில். "'இன்னிக்கி ரெண்டு வந்துச்சு, ரெண்டையும் மூடிட்டேன், ஒம் பொண்ணு எழுந்தா சொல்லு'ன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. எனக்கு வேல மும்முரத்துல மறந்துபோச்சு."

பிரவீனா அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளிருந்த குளிரில் கண்ணாடி மேல் ஈரம் பூத்து, அப்பாவின் முகம் மங்கிக்கொண்டு வந்தது. சந்திரம்மாள் முந்தானையைச் சுருட்டித் தனக்கு நேராக இருந்த இடத்தைத் துடைத்தாள். பிறகு உடம்பைச் சாய்த்துக் கையை நீட்டி, மகளுக்கு நேராக இருந்த இடத்தையும் துடைத்துவிட்டாள்.