இரண்டு கட்டுத் தாள்

ரொறன்ரோவில், டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் நானும் ஸ்ரமாற்றியாவும் ஆறு வருடமாக ஒன்றாகக் கோப்பை கழுவுகிறோம். 1997 தை மாதம், புளோரிடாவில் தான் பிறந்த ஊருக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டாள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் தனியாகக் கிடந்து சுவரைப் பார்க்கிறதைவிடப் பரவாயில்லை என்று வெளிக்கிட்டேன்.

கடற்கரை ஊர். கடற்பஞ்சு எடுக்கக் கிரேக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே இருப்பவர்கள். கடைப்பலகைகளிலும் அவர்களின் எழுத்து. உன்ரை மன்னார் மாதிரி இருக்கும் என்று ஆசைகாட்டித்தான் கூட்டிவந்தாள். ஒரு மண்ணும் இல்லை. வள்ளங்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. என் மனுசன் மரியரட்ணம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் போனவர். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை.

ரொறன்ரோவில் மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு ஒழுங்காகப் போவேன். ஆனால் அவர் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. கொடுக்கப் போனால் இருக்கிறவரின் சுகத்துக்கா, செத்தவரின் ஆத்துமாவுக்கா என்று கேட்பார்கள்.

ஞாயிறு காலை ஸ்ரமாற்றியா தங்கள் கிரேக்க வேதக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வாசல் மேசையில் இரண்டு கட்டுத் தாள். எல்லாரும் பெயர்களை எழுதி வைத்தார்கள். சாமியார் பூசையில் வாசிப்பாராம். இங்கே என்னை யார் கேட்கப்போகிறார்கள் என்று, கைக்கு அகப்பட்ட தாளில் அவர் பெயரைத் தமிழில் எழுதினேன். கடவுளுக்குத் தமிழ் தெரியாதா என்ன?

சாமியாருக்குத் தெரியவில்லை. மேசையடிக்கு வந்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்ரமாற்றியாவிடம் ஏதோ கேட்டார். அவள், கோப்பை கழுவுகிற இடத்தில் நாங்கள் பேசிப் பழகிய குசினி இங்கிலிஷில் என்னிடம் கேட்டாள்.

"ஆற்றை பேர்?"

"மரியரட்ணம். என்ரை மனுசன்."

"இது செத்த ஆக்களின்ரை தாள். உயிரோடை இருக்கிறவைக்கு மற்றது. எதிலை வாசிக்கிறதாம்?"

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். மற்றதில் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏழு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சண்டைபிடித்துச் சொன்ன பதில் அதுதானே.

"உதிலையே இருக்கட்டும்," என்றேன்.

பூசையில் அவர் பெயரைச் சாமியார் துண்டு துண்டாக உடைத்து வாசித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனுசன் செத்துப்போனார். கட்டிப்பிடித்து அழ ஒரு சொந்தக்காரி இல்லாத இடத்தில் என் வாயாலேயே அதைச் சொல்லிவிட்டு, எல்லாரும் எழும்பியபோது நானும் எழும்பி நின்றேன்.