இறால் வழக்கு

சூப்பர் மார்க்கெட் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று போனதால்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்கு நியாயம் கிடைத்தது. கோளாறைச் சரிசெய்துவிட்டு, கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணில், பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பு பட்டது. இன்ன கம்பெனியின் உறைய வைத்த இறாலில் நச்சு கலந்திருப்பது தெரியவந்திருக்கிறது, இந்தத் தொகுதி எண் போட்ட பாக்கெட்டை யாரும் சாப்பிட வேண்டாம், கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது. கடைசி வரியை அவன் மறுபடி மறுபடி படித்தான். வேகவைத்தாலும் அழியாது. அப்படியென்றால் வேகவைத்தவன் மேல் குற்றமில்லை. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். காய்கறிப் பையோடு உள்ளே காலெடுத்து வைத்த ஓர் அம்மாள், விஷ அறிவிப்பைப் பார்த்துப் பூரிக்கிற மனிதனைக் கண்டதும், படிக்கட்டே தேவலை என்று திரும்பிப் போனாள்.

நடந்தது இதுதான். அவன் மனைவி ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் கஸ்டமர் கேரில் போன் எடுப்பவள். ஊரார் புகாரையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, தன்னிடம் புகார் என்ற சரக்கே இல்லாமல் போனவள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இரவு ஷிப்ட். இவன் வீட்டுக்குள் வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வதுதான் இல்லறம் என்று இருவரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தபோது, போன மாதம் அவளைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். முதல் முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடப்போகும் இரவு. அவளுக்கு இறால் என்றால் உயிர். அவனுக்கு ஓர் இறால் உள்ளே போனால் போதும், முகம் பூசணிக்காயாக வீங்கிவிடும். அதனாலேயே அந்த வீட்டுக்குள் இறால் நுழைந்ததில்லை. அவள் அதையும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவனே போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து, கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, பாமைச் செயலிழக்க வைக்கிறவன் மாதிரி பாக்கெட்டைப் பிரித்து, வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு வதக்கி அவள் முன்னால் வைத்தான். மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கையில் ஊசியோடு படுத்திருந்தபோதும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலையை அவளுடைய அம்மா எடுத்துக்கொண்டார். "மாப்ள தங்கமான மனுசன், ஒரு குறை சொல்ல முடியாது. சமைச்சுப் போட்டு எம்பொண்ண படுக்க வெச்சுட்டாரு, அவ்வளவுதான்" என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுப் பாராட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன சித்தப்பா ஒருத்தர், "யார் சமையல்?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார்.

ஆகவே அவனுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. விடுதலை வேண்டியிருந்தது. அதையும் யாராவது ஒரு நீதிபதி, மாமியார் காதுபட, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

குடும்பத்து வக்கீல், மனைவியின் தம்பி. சட்டப் படிப்பை முடிக்க அவன் எடுத்துக்கொண்ட காலத்தை மெச்சி வீட்டில் வைத்த பெயர் வாய்தா. ஞாயிற்றுக்கிழமை வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு விளக்கினான்.

"மாமா, உங்களுக்கு நாலு வழி இருக்கு. கடையில குடுத்து காச வாங்கிட்டு வரலாம். உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுக்கலாம். நுகர்வோர் கோர்ட்ல கம்பெனி மேல கேஸ் போட்டு, ஆஸ்பத்திரி செலவு, அக்கா லீவு போட்டது, மன உளைச்சல் எல்லாத்துக்கும் நஷ்டஈடு கேக்கலாம். இல்லேன்னா, பாதிக்கப்பட்ட மத்தவங்களையும் தேடிப் புடிச்சு எல்லாருமா சேந்து போடலாம்."

"மூணாவது. அந்த மன உளைச்சல் எனக்குத்தான் நிறைய."

"சாப்பிட்டது அக்கா."

"கேட்டது நானில்லையா, உங்கம்மா பேச்ச!"

வாய்தா அந்த வாதத்தில் உண்மை இருப்பதை ஒப்புக்கொண்டான். ஆனால் சாட்சி வேண்டும். டாக்டர் சீட்டு இருக்கிறது, பில் இருக்கிறது, பாக்கெட் எங்கே? தொகுதி எண் அதில்தான் இருக்கும்.

அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் பாக்கெட் எதுவும் குப்பைக்குப் போகாது. அவள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, மறுபிறவி கொடுத்துவிடுவாள். சர்க்கரை பாக்கெட்டில் ஊக்கு இருக்கும், பால்பவுடர் பாக்கெட்டில் பழைய சார்ஜர் இருக்கும். மூன்று பேரும் சமையலறை, பீரோ, கட்டிலடி என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியில் அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஏங்க, போன வாரம் நட்டு போட கவர் கேட்டீங்கல்ல?"

அவனுடைய வேலைப்பையின் அடியில் இருந்தது பாக்கெட். உள்ளே இறாலுக்குப் பதிலாக லிஃப்ட் கதவு நட்டுகள். கையில் சாட்சியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறான். நட்டுகளைக் கொட்டிவிட்டு, பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, அறிவிப்பிலிருந்து எழுதிவந்த எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்தார்கள். அதே எண். மெக்கானிக் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சரி, ஒத்திகை பாப்போம்" என்று தொண்டையைச் செருமினான் வாய்தா. "நான்தான் கம்பெனி வக்கீல். அம்மா, அந்த இறால வாயில வெச்சதும் உங்களுக்கு ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?"

அவள் பாக்கெட்டின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"பொய் சொல்லக் கூடாதுக்கா. குறுக்கு விசாரணைல மாட்டிக்குவ."

"தெரிஞ்சுது."

"விஷம் மாதிரியா?"

"உப்பு" என்றாள். "கடலுக்குள்ளயே எல போட்டு உக்காந்து சாப்பிட்ட மாதிரி."

வாய்தா பாக்கெட்டைத் திருப்பினான். பின்பக்கம், எண்ணுக்குக் கீழேயே, கொட்டை எழுத்தில் இருந்தது: உப்பு சேர்க்கப்பட்டது. மெக்கானிக்குக்கு அன்றைய இரவு ஞாபகம் வந்தது. காய்கறிக்குப் போடுவது போலத் தாராளமாகப் போட்டு, இறால்தானே என்று இன்னொரு கை போட்டிருந்தான். ருசி பார்க்க வழியில்லாத சமையல்காரன்.

"அந்த நச்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது" என்றான் வாய்தா, தீர்ப்பு வாசிக்கிற குரலில். "அதனால வயிறு கம்பெனி கணக்கு. நாக்கு மாமா கணக்கு. சரிக்கா, மொத வாயிலயே தெரிஞ்சும் ஏன் முழுசா சாப்பிட்ட?"

"எதுத்தாப்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாருடா, பரீட்ச ரிசல்ட் பாக்குற மாதிரி. இன்னும் கொஞ்சம் வைக்கவான்னாரு. வைங்கன்னேன்."

"ரெண்டாவது தடவையுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னா, ஆஸ்பத்திரி வரைக்குமாக்கா நினைப்பாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. முதல் தட்டோடு நின்றிருந்தால் அவள் இவ்வளவு படுத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னது அவன் காதுக்குள் மறுபடி கேட்டது. இரண்டாவது தட்டு அவனுக்காகச் சாப்பிட்டது. இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நஷ்டஈடு கொடுப்பது?

வாய்தா குரலைத் தாழ்த்தினான். "மாமா, கேஸ் நிக்கும். ஆனா கூண்டுல ஏறினா அக்கா இதச் சொல்லித்தான் ஆகணும். அம்மா மொத வரிசையில வந்து உக்காரும். வேணாம்னா கடையில காச வாங்கிட்டு விட்ரலாம்."

"நான் சொல்ல மாட்டேங்க" என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்துச்சுன்னுடறேன்."

அவன் அவளைப் பார்த்தான். நாள் முழுக்க, "உங்க புகாரப் பதிவு பண்ணிட்டோம் சார்" என்று பொறுமையாகச் சொல்கிற அதே குரல்.

"கேஸ் போடு மச்சான்" என்றான். "அவளும் உள்ளதச் சொல்லட்டும். உங்கம்மாவுக்கு நல்ல எடமாப் பாத்து நாற்காலி போடச் சொல்லு."

வாய்தா கிளம்பினான். பாக்கெட் சாட்சியாகப் போய்விட்டதால், நட்டுகள் மேசைமேல் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. மெக்கானிக் சமையலறைக்குள் போய் உருளைக்கிழங்கு வதக்கினான். இந்த முறை ருசி பார்க்கலாம். பார்த்தான். ஆனால் தன் நாக்கின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஒரு சிட்டிகை உப்பை எடுத்து, யோசித்து, அதில் பாதியை டப்பாவிலேயே திருப்பிப் போட்டான். தட்டையும் உப்பு டப்பாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, பழக்க தோஷத்தில் எதிரே உட்கார்ந்தான்.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா."

நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே கொடியில், கழுவின பாக்கெட்டுகள் வரிசையாகக் காற்றில் உப்பி அசைந்துகொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் ஸ்பூன் தட்டில் படும் சத்தம். ஒரு வாய். இன்னொரு வாய். அப்புறம் சத்தம் நின்றது. திரும்பிவிடாமல் இருக்க நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேசைமேல் எதுவோ நகர்ந்தது. உப்பு டப்பாவின் மூடி 'டப்' என்று திறந்தது.