சம்பந்தியின் வரிசை

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சபை மூப்பர்கள். தாத்தா, அப்பா, பிறகு நான். யார் தலையிலாவது கை வைத்து ஜெபிக்க வேண்டுமென்றால் பாதிரியாருக்கு அடுத்தபடி எங்கள் கையைத்தான் தேடுவார்கள். இதைச் சொல்லாமல், கடல் கடந்துபோன இடத்தில் மிஷன் முகாமின் கடைசி நாளன்று நடந்ததைச் சொல்ல முடியாது.

என் மருமகள் கண் மருத்துவர். அவள் வேலை பார்க்கும் மிஷன் மருத்துவமனை வெளிநாட்டில் இலவசக் கண் முகாம் நடத்தியது. உதவிக்கு ஆள் வேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். அவள் தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டாள். அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய வாய் இல்லை.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன். ஆகவே வாசலில் டோக்கன் கொடுத்து வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கயிறு கட்டினேன். யாரையும் முந்த விடவில்லை. முகாம் முடியும்வரை அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு தள்ளுமுள்ளு கிடையாது. சம்பந்திக்கோ உள்ளே குளுகுளு வேலை. மருமகள் எழுதிக்கொடுத்த கண்ணாடியை எடுத்து வந்தவர் மூக்கில் மாட்டி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுப்பார்.

"இனிமே உங்க வீட்டுக்காரர் முகம் நல்லாத் தெரியும்மா. பயந்துடாதீங்க" என்று தமிழிலேயே அடித்துவிடுவார். மருமகள் அந்த நாட்டில் படித்தவள். அவள் மொழிபெயர்ப்பாள். மண்டபமே சிரிக்கும். வெயிலில் நின்று டோக்கன் கொடுத்தவனை யார் நினைக்கப்போகிறார்கள்? தெளிந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது அவர் முகம்தான்.

கடைசி நாள் பிற்பகல் விடைபெறும் ஆராதனை. அந்த மிஷனின் முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் மேடைக்குக் கீழே தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். யார் கையால் ஆசி வேண்டுமோ அவர் முன்னால் ஊர்க்காரர்கள் போய் நிற்பார்கள். வேன் வரும்வரை ஜெபம். மருமகள் இதை விளக்கியபோது சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டேன். கை வைத்து ஜெபிப்பது எங்கள் குடும்பத்து வேலை.

பாட்டு முடிந்தது. கூட்டம் எழுந்தது. எழுந்த கூட்டம் நேராகச் சம்பந்தி முன்னால் போய் நின்றது.

என் முன்னால் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது.

நீல மேலங்கி போட்ட ஒரு அம்மாள் என்னை நோக்கி வந்தாள். கையை உயர்த்தினேன். அவள் தயங்கி, எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சைக் காட்டினாள். அங்கே அவள் பை இருந்தது. எடுத்துக்கொண்டு சம்பந்தியின் வரிசைக்குப் போனாள். உயர்த்திய கையால் தலையைக் கோதிக்கொண்டேன்.

அந்த வரிசையும் ஒரு வரிசையா? நடுவில் வயிறு வைத்து, வாலில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஒவ்வொருவராக நேராக நிறுத்தினேன்.

"என்ன சம்பந்தி, இதுக்கும் டோக்கன் உண்டா?" என்றார் அவர். மொழி தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

வரிசையின் கடைசியில் என் மருமகள் நின்றாள்.

"நீயுமா?" என்றேன்.

"வீட்டுல தினமும் உங்க ஜெபம்தானே மாமா. அப்பா கையால வாங்கி எவ்வளவு நாளாச்சு!"

என் இடத்துக்குத் திரும்பினேன். என் வீட்டுக்கு வந்த பெண், ஊர் பார்க்க, அந்தப் பக்கம் நிற்கிறாள். முதுகை மட்டும் வளையவிடவில்லை.

அப்போது சம்பந்தி, முன்னால் நின்றவரிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, தன் வரிசையை அப்படியே விட்டு என்னிடம் வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார்.

"எல்லாருக்கும் நான் ஜெபிச்சா எனக்கு யாரு ஜெபிக்கிறது? நீங்கதான மூப்பர். கையை வைங்க."

என்மேல் இரக்கப்பட்டு வந்தாரா? அப்படியென்றால் யாரும் வராததே மேல். இரண்டு கைகளையும் அவர் வழுக்கையில் வைத்து அழுத்தினேன்.

அவருடைய முன்னோர்களிலிருந்து ஆரம்பித்தேன். அவர் காலத்தில் பாலிசி எடுத்த குடும்பங்களையெல்லாம் ஆண்டவர் கையில் ஒப்புவித்தேன். அவருடைய முட்டிவலி, ரத்த அழுத்தம், ஒழுகுகிற கூரை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வரிசை அங்கேயே நின்றது. தொடர்ந்தேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. விமானத்துக்காகவும், விமானிக்காகவும், விமானியின் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தேன். மறுபடி ஹாரன். முகாம் போதகர் வந்து என் தோளைத் தொட்டபோதுதான் ஆமென் சொன்னேன்.

வரிசை கலைந்துவிட்டது. சம்பந்தி ஓடி ஓடிக் கைகுலுக்கினார். நீல மேலங்கி அம்மாள் ஆசிக்காக அவர் முன்னால் தலையைக் குனிந்தாள். அதற்குள் அவரை வேனில் ஏற்றிவிட்டார்கள். மருமகள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

வேனில் பின்னிருக்கையில் நான் நடுவில், அவர்கள் இருபக்கமும். சம்பந்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்காக யாரும் இவ்வளவு நேரம் ஜெபிச்சதில்ல சம்பந்தி. என் கல்யாணத்துலகூட பாதிரியார் அவசரமா முடிச்சுட்டார்."

நான் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன்.

"அப்பா, எனக்கு முறையே வரல" என்றாள் மருமகள்.

"வா கண்ணு, அதுக்கென்ன."

அவர் என் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் உச்சியில் வைத்தார். வேன் குலுங்கியது. "ஆண்டவரே, என் பிள்ளையைப் பார்த்துக்கோங்க. ஆமென்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவருக்குத் தெரியாததா சம்பந்தி? மிச்சத்தைத்தான் நீங்க சொல்லிட்டீங்களே."

கையை அவர் உடனே எடுக்கவில்லை. அவள் கண்ணை மூடி, கழுத்தைத் தளர்த்தி, சிறு பிள்ளைபோல் அந்தக் கைக்குள் சாய்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவள் தலையில் கை வைத்து ஜெபிக்கிறேன். ஒருநாளும் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

மேடு வந்தது. அவர் கை நழுவாதபடி நான் நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விமான நிலையம் வருவதாகவே இல்லை.