சென்சாரை மாட்டிய கை

மகன் பரத் இறந்து ஒரு வருஷமாகி, அவனுடைய வருஷாப்திகம் முடிந்த மறுநாள் காலை, சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்து வீட்டு வாசலில் நின்ற காரின் பானெட்டைத் திறந்தார். பிள்ளைக்குத் தகப்பன் செய்யும்படியான காரியங்கள் ஒரு குறையும் இல்லாமல் நடந்துவிட்டன. பாக்கி இருந்தது அவனுடைய இந்தக் கார்தான்.

சாயங்காலம் மைசூரிலிருந்து சம்பந்தி வெங்கடகிருஷ்ணன் வருகிறார். மருமகள் ரக்ஷா அவரோடு பிறந்தகம் போகிறாள். காரும் அவளோடு போகிறது. அவள் கேட்கவில்லை, சீனிவாசராகவன்தான் தீர்மானித்தார். ஆனால் நின்றிருந்த வண்டியைப் போன மாதம் கிளப்பிப் பார்த்ததிலிருந்து டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதாம். விளக்கு எரிகிற வண்டியையா சம்பந்தி கையில் கொடுப்பது? கெட்டுப்போன பொருள் எதுவும் அந்த வீட்டிலிருந்து யார் கைக்கும் போனதில்லை.

ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது சென்சார் வாங்கி வந்திருந்தார். பழையதைக் கழற்ற வேண்டும்.

"ஸ்ரீராம்புரத்து ராகேஷைக் கூப்பிட்டா சித்த நேர வேலை, மாமா" என்றாள் ரக்ஷா.

"இந்த வண்டியை இதுவரைக்கும் ஒரு மெக்கானிக் தொட்டதில்லை."

கல்யாண வீடுகளிலும், விதான சௌதா ஆபீஸில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடமும் அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறான் என்பார். இந்தப் பழைய சென்சாரைக்கூட அவன்தான் மாட்டினான், ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம். ரக்ஷா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு பேட்டரியின்மேல் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. பார்த்தார். எதுவும் தோன்றவில்லை. இந்த ஒரு வருஷமாக எதைப் பார்த்தாலும் அப்படித்தான். வேலைகள் வந்தன, செய்தார்.

ஸ்பானரைப் போட்டு இழுத்தார். அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு மறுபடி இழுத்தார். மணிக்கட்டுதான் வலித்தது.

"என்ஜினைக் கொஞ்சம் ஓட விட்டுட்டு, சூட்டோட கழட்டணும்னு பரத் சொல்லுவான்."

"தெரியும்" என்றார். பிறகு சாவியை அவளிடம் நீட்டினார்.

பரத் உயரமானவன். சீட் அவனுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியே இருந்தது. ரக்ஷாவின் கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. அவள் சீட்டை நகர்த்தாமல் நுனியில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

சூடேறியதும் அணைக்கச் சொல்லிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பானரில் போட்டார். கிறீச்சிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று ஒருவழியாக வெளியே வந்தது. அதன் திருகு மரையில் இரும்புத் துருவல் சுருள்சுருளாக ஒட்டியிருந்தது. குனிந்து துளையைப் பார்த்தார். உள்மரையும் ஒரு பக்கமாகக் கிழிந்து கிடந்தது. அவர் இன்ஜினியர் இல்லை. ஆனாலும் தெரிந்தது: கோணலாக ஏறியதை, கோணல் என்று தெரிந்தபின்னும் வலுக்கட்டாயமாக முறுக்கியிருந்தார்கள்.

பழைய சென்சாரைத் துணியோடு சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

புதியது ஒரு சுற்று ஏறி நின்றது. இன்னும் முறுக்கினால் ஏறும். மைசூர் வரைக்கும் தாங்கவும் கூடும். அதற்கப்புறம் வேறு ஏதோ ஒரு பட்டறையில், வேறு யாரோ ஒருவன் பானெட்டைத் திறந்து, மாட்டியவனைத் திட்டுவான். ரக்ஷா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், அவள் அப்பாவும்.

"அந்த ராகேஷைக் கூப்பிடு" என்றார்.

ராகேஷ் பைக்குக்கு ஸ்டாண்ட்கூடச் சரியாகப் போடாமல் வந்து, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"யார் சார் இத மாட்டுனது? மரை பூரா நாசம். கோணையா போவுதுன்னு கைக்குத் தெரியாது? மாட்டக் கட்டி இழுக்கற மாதிரி இழுத்து வச்சிருக்கான். எந்த கேரேஜ்னு சொல்லு சார், நானே போய்க் கேக்கறேன்."

ரக்ஷா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீனிவாசராகவன் நிமிர்ந்தார்.

"கேரேஜ் இல்லப்பா. நான்தான் மாட்டினேன்."

ராகேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, தப்பா நெனச்சுக்காத சார். இந்த வயசுல உனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

"வரும்னு நெனச்சேன். வரலை."

தனக்கு ஒன்று வராது என்று அவர் இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வது ஒன்றும் சிரமமாக இல்லை. வெயில் எவ்வளவு என்று சொல்வது போல இருந்தது.

"கோணலாப் போறதுன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் ரக்ஷா, யாரையும் பார்க்காமல். "கேக்கலை. நான்தான் டார்ச் பிடிச்சிண்டிருந்தேன்."

"வூட்ல சொல்றத யாரு சார் கேக்கறாங்க" என்றபடி ராகேஷ் பையைத் திறந்து, மரை வெட்டும் டாப்பை எடுத்தான்.

மதியத்துக்குள் புது சென்சார் நேராக ஏறி உட்கார்ந்தது. ஒரு சின்னக் கருவியைச் செருகி விளக்கையும் அணைத்தான். "பழசு எங்க சார்?" என்று கேட்டதற்கு, தூக்கிப் போட்டாயிற்று என்றார்.

சாயங்காலம் வெங்கடகிருஷ்ணன் காரைச் சுற்றி வந்தார். "ஒரு வருஷமா நின்ன வண்டி. யாரைக் கூப்பிட்டுப் பார்த்தேள்?"

"பரத்தோட வண்டி. அவன் எல்லாம் சரியாத்தான் வச்சிருந்தான்" என்றார் சீனிவாசராகவன்.

அப்பா பக்கத்தில் ஏறிக்கொள்ள, ரக்ஷா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள். டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை.

"வரேன், மாமா."

"போயிட்டு வா."

கார் திருப்பத்தில் மறைந்தபின் கேட்டைச் சாத்தினார். ஜன்னல் விளிம்பிலிருந்த துணிச்சுருளை எடுத்து உள்ளே கொண்டுபோய், பரத்தின் மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார். கையைக் கழுவினார். சோப்புப் போட்டும் நக இடுக்கில் கறுப்பு போகவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.